பத்தடி வெளிச்சம்

மரியசுந்தரம் ஐயாவுக்குக் கண் பார்வை அபாரம். கரும்புக் கொல்லையின் அந்தக் கோடியில் எவனாவது ஒரு கழியை ஒடித்தால், இந்தக் கோடியில் நின்றபடியே ஒடித்தவன் பெயர், அவன் அப்பன் பெயர், ஒடித்தது எந்தக் கையால் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். ஆனால் போட்டோவில் மட்டும் அவருக்குக் கண்ணே கிடையாது. கல்யாணப் படத்தில் மூடியிருந்தது. மகள் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தில் மூடியிருந்தது. கூட்டுறவுச் சங்கத் திறப்பு விழாவில் வரிசை கட்டி நின்றவர்களில் இவர் ஒருவர்தான் நின்றுகொண்டே தூங்கினார். ஏதோ ஓர் அட்டைக்காக எடுத்த சின்னப் படத்தை, ‘உயிரோடிருக்கும்போது எடுத்ததை அனுப்பவும்’ என்று எழுதித் திருப்பிவிட்டார்கள் என்பது ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான் என்பதும் ஊர்ப் பேச்சு.

எல்லாவற்றுக்கும் காரணம் ஐம்பத்தாறில் நடந்த அவருடைய கல்யாணம். அப்போதெல்லாம் பிளாஷ் என்றால் பல்பு. ஒரு படத்துக்கு ஒரு பல்பு. எரிந்ததும் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். டவுனிலிருந்து வந்த போட்டோக்காரர் கோயிலுக்குள்ளே மாப்பிள்ளை பெண்ணை நிறுத்தி முதல் படம் பிடித்தார். அந்தப் பல்பு எரிந்ததோடு நிற்காமல் டப்பென்று வெடித்தும் விட்டது. மாப்பிள்ளையின் மீசை நுனி லேசாகக் கருகியது என்று அவர் மனைவி காசம்மாள் சொல்வார். லேசாகவா? முழு மீசையும் போய்விட்டது, பக்கத்தில் நின்ற சாமியாரின் தாடியில் புகை வந்தது, தீர்த்தத் தொட்டியில் முக்கித்தான் அணைத்தார்கள் என்று நான் சொல்வேன். போட்டோக்காரர் இரண்டாவது பல்பை மாட்டினார். மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்த இரண்டாவது படம்தான் கூடத்தில், லூர்து மாதா படத்துக்குக் கீழே, சட்டம் போட்டுத் தொங்கியது. காசம்மாள் உருட்டி விழித்துக்கொண்டிருப்பார். ஐயா தூங்கிக்கொண்டிருப்பார்.

புதிதாக வந்த ஒரு பங்குச் சாமியார் அதைப் பார்த்துவிட்டு, “தாலி கட்டின கையோட ஜெபத்துல மூழ்கிட்டீங்களே” என்று மெச்சி, அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலும் அதை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு ஜெபக்காரர் என்று பெயர். இல்லை என்று மறுக்கவும் வழியில்லை, ஆமாம் என்று தலையாட்டவும் மனசில்லை. பாவம்.

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எண்பத்தொன்றில் நான் மின்துறையில் மீட்டர் படிக்கிறவன். பெயர் கில்பர்ட். வில்லியனூரிலிருந்து திருவாண்டார்கோயில் வரைக்கும் சைக்கிளில் சுற்றுவேன். சொல்தா பெரியப்பா எனக்கு ஒரு பெட்டிக் கேமரா கொடுத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அந்தக் கேமராவில் இரண்டே குறி: வெயிலுக்கு ஒரு சூரியன், மப்புக்கு ஒரு மேகம். வேறு எதையும் திருகவும் முடியாது, திருகிக் கெடுக்கவும் முடியாது. பக்கவாட்டில் பிளாஷ் ஒயர் செருக ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருந்தது. செருகத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.

மரியசுந்தரம் ஐயா வீடு என் சுற்றில்தான் வரும். அந்த வீட்டு மீட்டர் கூடத்தின் இருட்டு மூலையில் இருந்தது. எண்ணைப் படிக்க யாராவது டார்ச் பிடிக்க வேண்டும். பிடித்தது அவருடைய பெண் இன்பமேரி. மற்ற வீடுகளில் மாசத்துக்கு ஒரு தடவை மீட்டர் படித்தேன். அந்த வீட்டில் மட்டும் எண் சரியாகத் தெரியவில்லை என்று மூன்று நாலு தடவை போவேன். அவளும் டார்ச்சை மீட்டர்மேல் அடிக்காமல் என் மூக்குமேல் அடிப்பாள். “தெரியுதா?” என்பாள். “நல்லாத் தெரியுது” என்பேன். அந்த வருஷம் அவர்கள் எரித்த கரண்டை விட டார்ச் கட்டைகள் அதிகம் செலவாகியிருக்கும்.

என் நைனா, கோயில் உபதேசியார் இன்னாசிமுத்துவிடம் சொல்லி, முறையாகப் பெண் கேட்டு அனுப்பினார். பதில் இப்படி வந்தது: பையன் நல்ல பையன்தான், ஆனால் பாரீசிலிருந்து ஓர் இடம் வருகிறது, எங்கள் கல்யாண வெள்ளி விழா அன்றைக்கு அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் சொல்கிறோம்.

பாரீஸ். நான் சைக்கிளில் போகக்கூடிய ஆகத் தூரம் திருவாண்டார்கோயில்.

அடுத்த தடவை மீட்டர் படிக்கப் போனபோது ஐயாவே கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டார்ச்சும் அவர் கையில் இருந்தது.

“இன்னாப்பா மீட்டரு, உங்கிட்ட கேமரா கீதாமே.”

“இருக்குதுங்க ஐயா.”

“கண்ணு தொறந்த மாதிரி படம் எடுக்குமா அது?”

“நீங்க தொறந்தா அது எடுக்கும் ஐயா.”

“நான் தொறந்துதான்டா கீறேன். படத்துலதான் மூடிக்குது.”

உள்ளேயிருந்து காசம்மாள் குரல் கொடுத்தார். “இருவத்தஞ்சு வருசமா அந்தச் செவுத்துல தூங்கிக்கினுதான் கீறாரு. நான் ஒருத்தியே முழிச்சிக்கினு காவல் காக்கறேன்.”

ஐயா குரலைத் தாழ்த்தினார். “த பாரு. வெள்ளி விழா அன்னிக்கு நானும் அவளும் இங்க உக்காருவோம். நான் கண்ணு தொறந்துக்கினு ஒரே ஒரு படம். அதை எடுத்துக் குடு. அப்பால உங்க நைனா சொல்லி அனுப்பிச்ச விஷயத்தைப் பேசலாம்.”

“எடுக்கலன்னாங்க ஐயா?”

“பாரீசு” என்றார், டார்ச்சை அணைத்துவிட்டு.

கூடத்தில் பகலிலேயே விளக்கு வேண்டும். பிளாஷ் இல்லாமல் அங்கே படம் எடுத்தால் மாதா படத்துக் கண்ணாடி மட்டும்தான் பளபளக்கும். ஆக, என் கல்யாணம் ஒரு பிளாஷில் வந்து நின்றது.

என் சினேகிதன் நாகராஜனிடம் ஓடினேன். கிருமாம்பாக்கத்துக்காரன், மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அவனுக்கு உலகத்தில் எது வேண்டுமானாலும் பெரிதாக இருக்க வேண்டும். மஞ்சள் நீராட்டுக்குக் கூப்பிட்டால் கோயில் திருவிழாவுக்குப் போடுகிற கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவான். அந்தப் பாட்டைக் கேட்டு மணப்பட்டில் கடலே ஓரடி பின்வாங்கும். இரண்டு பேரும் டவுனில் செல்லப்பன் கடைக்குப் போனோம். செல்லப்பன் கேமராச் சாமான் விற்பவர். பொருளைக் காட்டுவதற்கு முன்னால் வாங்க வந்தவனின் சட்டைக் காலரைப் பார்ப்பார்.

என் காலரைப் பார்த்துவிட்டு ஒரு பல்பு பிளாஷை எடுத்து வைத்தார். விசிறி மாதிரி விரிகிற தகடு, நடுவில் பல்பு. “இதான் இருக்கறதுலியே விலை கம்மி.”

“வெடிக்குமாண்ணே?”

“எப்பவாச்சும்.”

“அந்த எப்பவாச்சுல மாட்டின ஆளைத்தான்ணே நான் படம் எடுக்கணும். வேணாம்.”

அடுத்தது ஒரு ஜப்பான்காரன் பிளாஷ். ஆட்டோ. எதிரே இருக்கிற ஆள் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத் தானே அளந்து, போதும் என்றதும் தானே நிறுத்திக்கொள்ளுமாம். விலையைக் கேட்டதும் நாகராஜன் அதைத் தொட்டிருந்த விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“அப்பால மேனுவல்தான்” என்று செல்லப்பன் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, கல்யாண வீட்டுப் போட்டோக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைவார்களே, அந்தக் கைப்பிடி வைத்த பெரிய பிளாஷ், பழசு. தோளில் மாட்டிக்கொள்ள ஒரு பேட்டரிப் பெட்டி. இன்னொன்று கையகலச் சோப்புக் கட்டி அளவு. உள்ளே நாலு பென்டார்ச் கட்டை.

“மேனுவல்னா அதுக்கு மூளை கிடையாது” என்றார் செல்லப்பன். “முழு வெளிச்சத்தையும் ஒரே அடியா அடிச்சிடும். கிட்ட நிக்கிறவனுக்கும் அதே, எட்ட நிக்கிறவனுக்கும் அதே. நாமதான் எவ்ளோ தூரத்துல நிக்கணும்னு கணக்கு போட்டுக்கணும். பின்னாடி அட்டவணை ஒட்டியிருக்கும் பாரு.”

நாகராஜன் சோப்புக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது போட்டோவுக்காண்ணே, பீடி பத்த வெக்கிறதுக்கா? டேய் கில்பர்ட்டு, பெருசா எடுடா. அவரு இமையைத் தாண்டி உள்ள போய் கண்ணை எட்டிப் பாக்கற வெளிச்சமா எடு.”

எனக்கும் அந்தக் கைப்பிடியைப் பிடித்தவுடன் மாப்பிள்ளை ஆகிவிட்ட மாதிரிதான் இருந்தது. முதலில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்றேன். செல்லப்பன் என் சைக்கிளைக் கடைக்குள் தள்ளி வைத்துக்கொண்டு, பெரியதைக் கொடுத்து அனுப்பினார்.

அந்த ஞாயிறு கிருமாம்பாக்கத்தில் நாகராஜனின் அக்கா ஆண்டாளின் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் முறைக்கு, நாகராஜனுக்கே மாமாவான பெரியவர் கண்ணையன், பட்டு வேட்டியும் சந்தனமுமாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மீசையை முறுக்கி விட்டுக்கொண்டார். நான் தோளில் பெட்டியோடு மிக அருகில் போய் நின்றேன், முகம் பெரிதாக விழட்டும் என்று. அழுத்தினேன்.

அந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது? கூடைக்குள் இருந்த கோழிகள் விடிந்துவிட்டது என்று எழுந்து கொக்கரித்து, இரண்டு அவசரத்தில் முட்டையும் போட்டன. பாகூர் ஏரியில் தங்கியிருந்த நாரைகள் மொத்தமாக எழும்பி வேறு தேசம் போய்விட்டன. மணப்பட்டில் கடலுக்குக் கிளம்பியவர்கள் மின்னல் வெட்டுகிறது என்று கட்டுமரத்தைக் கரைக்கே இழுத்துவிட்டார்கள். குழந்தைக்குக் காது குத்தியதே தெரியவில்லை; அது வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

படத்தைக் கழுவிக் கொண்டுவந்தேன். பட்டு வேட்டி இருந்தது. மடி இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. அதன் நடுவில் கறுப்பாக ஒரு மீசை, அந்தரத்தில்.

கண்ணையன் படத்தை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். “சீர் செஞ்சவன் நானு. என் முகம் எங்கடா?”

“மீசை வந்துருக்குதே மாமா” என்றான் நாகராஜன்.

“மீசையை வெச்சி எவன்டா என்னை அடையாளம் கண்டுபுடிப்பான்?”

“வேட்டியைப் பாத்துக் கண்டுபுடிச்சிக்கலாம் மாமா, வுடுங்க” என்றாள் ஆண்டாள். “அந்த வேட்டி நீங்க உங்க தம்பி கல்யாணத்துக்குக் கட்டினதுதானே. ஊருக்கே தெரியும்.”

அந்த மீசைப் படம் எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தது. பிளாஷின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. என் கேமராவில் வெளிச்சம் நுழைகிற துளையையும் அந்த இரண்டு குறிக்கு மேல் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஒன்றுதான்: என் கால். பெரிய பிளாஷ் என்றால் தூரப் போக வேண்டும், சின்னது என்றால் கிட்ட நிற்கலாம். அப்படியானால் முதலில் அளக்க வேண்டியது பிளாஷை அல்ல, மரியசுந்தரம் ஐயாவின் கூடத்தை.

மறுநாளே மீட்டர் படிக்கப் போனேன். ஐயா கரும்புக் கொல்லைக்குப் போயிருந்தார். அவர் நாற்காலியிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் அடிமேல் அடி வைத்து நடந்தேன். காசம்மாள் முறத்தோடு வந்து நின்று பார்த்தார்.

“மீட்டரு செவுத்துல கீது. நீ ஏன்பா தரையைப் படிக்கிறே?”

“கரண்டு எவ்ளோ தூரம் ஓடுதுன்னு பாக்கறேம்மா.”

“ஓடி ஓடிப் பாருங்க” என்றாள் இன்பமேரி, டார்ச்சோடு. “கரண்டு அந்தப் பக்கம் சமையக்கட்டு வரைக்கும்கூட ஓடுது.”

கூடம் பத்தடிக்குக் கொஞ்சம் கூட. அட்டவணைக் கணக்கின்படி பெரிய பிளாஷைப் பிடித்தால் நான் வாசலைத் தாண்டி, மாட்டு வண்டிக்குப் பின்னால், வைக்கோல் போரில் சாய்ந்துகொண்டு நிற்க வேண்டும். அங்கிருந்து ஐயா தெரியமாட்டார், நிலைப்படிதான் தெரியும். சோப்புக் கட்டியோ பத்தடிக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. செல்லப்பனிடம் போய்ச் சின்னதை வாங்கிக்கொண்டு சைக்கிளை மீட்டேன். நாகராஜன் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. பாரீஸ்காரன் வருகிற இடத்துக்குப் பீடிப் பெட்டியோடு போகிறேன் என்று அவனுக்கு வருத்தம்.

இந்தச் சின்னப் பிளாஷிடம் எனக்கு வந்த மயக்கத்தைச் சொல்ல வேண்டும். பொத்தானை நகர்த்தினால் உள்ளே ஏதோ ‘ஙீ’ என்று மெல்லப் பாட ஆரம்பிக்கும். குரல் ஏறிக்கொண்டே போகும், கொசு போல, அப்புறம் கொசுவின் குழந்தை போல, பிறகு காதுக்கு எட்டாமல் மறைந்துவிடும். அப்போது முதுகில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். நான் தயார் என்று அர்த்தம். இன்றைக்கும் எங்காவது அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இருபத்தாறு வயசாகிவிடும். முட்டி வலிகூட நின்றுவிடும். வாங்கிய நாளிலிருந்து வெள்ளி விழாவுக்கு முதல் நாள் வரைக்கும் அதைப் பாட விட்டு அடித்துக் காட்டாத ஆளே எங்கள் கோயில் பங்கில் இல்லை. உபதேசியாருக்கு அடித்துக் காட்டினேன். கோயில் மணியடிப்பவருக்கு, டீக்கடை பாய்லருக்கு, எருமைக்கு. கட்டை தீரும் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை.

வெள்ளி விழா அன்றைக்குக் காலையில் பூசை. முடிந்ததும் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு ஐயாவையும் காசம்மாளையும் மாலையோடு உட்கார வைத்தார்கள். பின்கட்டில் பிரியாணிக்குத் தம் போட்டிருந்தார்கள். சனங்கள் கூடத்தில் ஒரு கண்ணும் பின்கட்டில் ஒரு மூக்குமாக நின்றார்கள். பாரீஸ் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்திருந்தார், மே மாத வெயிலில் கழுத்தில் டையோடு. டைக்கு மேல் ஒரு கேமரா. அதன் தலையில், செல்லப்பன் கடையில் நாகராஜன் தொட்டுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டானே, அதற்கு அண்ணன் மாதிரி ஓர் ஆட்டோ பிளாஷ்.

என் பீடிப் பெட்டியை மேல்துண்டால் மூடிக்கொண்டேன்.

“முதல்ல அவங்க எடுக்கட்டும்” என்றார் ஐயா, மரியாதைக்கு.

சித்தப்பா எடுத்தார். பளிச். “மூடிட்டாரு” என்றது கூடம் மொத்தமும் ஒரே குரலில். மறுபடி எடுத்தார். “மூடிட்டாரு.” அவர் “மெர்சி, மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு எடுத்தார். பாரீஸ் வெளிச்சத்திலும் ஐயா நிம்மதியாகத் தூங்கினார். சித்தப்பா நல்ல மனிதர். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, நீங்க பாருங்க” என்று எனக்கு இடம் விட்டார்.

எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். பொத்தானை நகர்த்தினேன். ‘ஙீ’ என்று ஏறியது. அது ஏற ஏற ஐயா நிமிர்ந்தார், கண்ணை உருட்டினார், விழி வெளியே விழுந்துவிடுமோ என்று பக்கத்திலிருந்தவர் கையை ஏந்தினார். சத்தம் மறைந்த அந்த நொடியில் இமை இரண்டும் இரும்புக் கதவு மாதிரி இறங்கின. நான் அழுத்தினேன்.

“மூடிட்டாரு.”

பன்னிரண்டு படச் சுருள். ஒவ்வொன்றாகப் போயிற்று. பேசிக்கொண்டே எடுத்தேன், மூடினார். பேசாமல் எடுத்தேன், மூடினார். நாகராஜன், “ஐயா, கரும்புல ஆளு” என்று கத்தினான்; மூடிய கண்ணோடு, “எந்தப் பக்கம்டா?” என்றார்.

இன்பமேரி மோர்த் தம்ளரோடு என் பக்கம் வந்தாள். “சத்தம் நின்னா மூடிக்கிறாரு” என்றாள் தம்ளரைப் பார்த்துக்கொண்டே. “நீங்க இன்னா பண்ணாலும் அந்தச் சத்தம் அவருக்குச் சொல்லிடுது, இப்ப வெடிக்கப் போவுதுன்னு.”

“அதை நிறுத்த முடியாதே.”

“அப்ப பாரீசுல குளுரு ஜாஸ்தியாமே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடைசிப் படம். சுருளைத் திருகி நிறுத்தினேன். பொத்தானை நகர்த்தினேன். பிளாஷ் பாட ஆரம்பித்தது. ஆனால் இந்தத் தடவை கொசு இல்லை, மழையில் நனைந்த வண்டு. முக்கியது. முனகியது. ஏறமாட்டேன் என்றது. எருமைக்கும் பாய்லருக்கும் அடித்துக் காட்டியதெல்லாம் இப்போது வந்து நின்றது. கட்டை தளர்ந்துவிட்டது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ, பின்கட்டில் தம் இறக்கிவிட்டார்கள். ஐயாவின் கன்னத்தில் வேர்வை இறங்கியது. பொறுக்கமாட்டாமல் சத்தம் முடிவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டார்.

என் விரலுக்கும் பொறுமை போய்விட்டது. அழுத்திவிட்டேன்.

க்ளிக். அவ்வளவுதான். வெளிச்சம் வரவில்லை.

ஐயா மூடிய கண்ணோடு காத்திருந்தார், இமைக்கு வெளியே பளிச்சென்று வருமே, அதற்காக. வரவில்லை. இன்னும் காத்திருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். இன்னொன்றையும் திறந்தார்.

“இன்னாடா மீட்டரு, புட்டுக்கிச்சா?”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருபத்தைந்து வருஷமாகத் தன்னைச் சுட வந்த துப்பாக்கி நமத்துப்போனதைப் பார்த்தவன் சிரிப்பு. மாலை குலுங்கியது. “என் கண்ணைத் தொறக்க வந்த பிளாஷு அதுவே கண்ண மூடிக்கிச்சிபா” என்று சித்தப்பாவைப் பார்த்தார், நாகராஜனைப் பார்த்தார், கடைசியில் நேராக என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் என் கட்டைவிரலுக்கு மேலே, பிளாஷின் முதுகில், அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. எப்போது பாடி முடித்ததோ, அவருடைய சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சித்தப்பாவின் கேமரா போன்ற உசத்திக் கேமராவில், ஒரு தடவை அழுத்திவிட்டால் சுருளைத் திருகாமல் மறுபடி அழுத்த முடியாது. பூட்டிக்கொள்ளும். என் பெட்டிக்கு அந்த அறிவெல்லாம் இல்லை. ஒரே படத்தின் மேல் எத்தனை தடவை அழுத்தினாலும் சரி என்று வாங்கிக்கொள்ளும். அதனால் எத்தனையோ நல்ல படங்களை நாசமாக்கியிருக்கிறேன்; கோயில் கோபுரத்தில் பசு மேய்ந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு முதல் அழுத்தலில் அந்த இருட்டுக் கூடத்திலிருந்து சுருளுக்குள் போனது ஒன்றுமில்லை. படம் இன்னும் காலி. பிளாஷ் தயார். கண் திறந்திருக்கிறது.

அழுத்தினேன்.

பளிச்சென்றது.

சிரிப்பு அப்படியே நின்றது. ஐயா அசையாமல் உட்கார்ந்திருந்தார். சனங்கள் “மூடிட்டாரு” சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

“எரிஞ்சிச்சா?” என்றார் ஐயா.

“எரிஞ்சிச்சிங்க ஐயா.”

“நான் பாத்தேன்டா.” குரல் சின்னதாகிவிட்டது. “வெள்ளையா இருந்திச்சி. சத்தமே இல்ல. அவ்ளோதானா அது? இதுக்கா நான் இத்தினி வருசமா…” என்று மீசையைத் தடவிக்கொண்டார். மீசை இருந்தது.

அப்புறம் எல்லாரும் பிரியாணிக்கு ஓடினார்கள். அந்தப் பிரியாணியை நான் ஒரு அண்டா சாப்பிட்டேன். (என் மனைவி இந்த இடத்தைப் படித்துவிட்டு, அன்றைக்கு நீங்கள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தீர்கள், அளந்து விடாதீர்கள் என்கிறாள். அவள் யார் என்று இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை.)

படம் கழுவி வந்த அன்றைக்கு வில்லியனூர் ஸ்டூடியோ வாசலில் வைத்தே உறையைப் பிரித்தேன். முகத்துக்கு முகம், மீசைக்கு மீசை, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பத்தடி கணக்கு பொய்க்கவில்லை. ஐயா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, இரண்டு கண்ணும் அகல விரிந்து, படத்திலிருந்து எழுந்து வந்து தோளைத் தட்டுவார் போல இருந்தார். சைக்கிளில் தாவி ஏறினேன். பாதி வழி போன பிறகுதான், இன்னொரு தடவை பார்க்கலாம் என்று எடுத்தவன், சைக்கிளை ஒரு புளியமரத்தில் சாய்த்துவிட்டு அப்படியே நின்றேன்.

ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் பக்கத்தில் பார்க்காமல் விட்டிருந்தேன். காசம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

சுருள் முடிந்துவிட்டது. வெள்ளி விழாவும் முடிந்துவிட்டது. பாரீஸ்காரர்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அவர் கண் திறந்திருக்கிறது, அவருடைய பேச்சுப்படி அது போதும். ஆனால் சுவரில் மாட்டப்போவது இரண்டு பேர் படம். மிச்சமிருந்த இரண்டு மைலையும் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

கூடத்தில் ஐயா படத்தை வாங்கி வெளிச்சத்துக்காக வாசற்படி வரை கொண்டுபோனார். நீண்ட நேரம் பார்த்தார். தன் கண்ணை விரலால் தொட்டார், படத்தில் ஒரு தடவை, முகத்தில் ஒரு தடவை. பிறகு விரல் மெல்லப் பக்கத்துக்கு நகர்ந்தது.

“ஏம்மே. இங்க வா.”

காசம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பார்த்தார்.

“நீ ஏன்டி மூடிக்கினே?”

“நான் எங்க மூடினேன்? நீ கண்ணத் தொறக்கணுமேன்னு மாதாகிட்ட வேண்டிக்கினேன்.”

“எப்பலேர்ந்து?”

“பாரீசுக்காரரு மொத படம் புடிச்சதுலேர்ந்து. நீ சிரிக்கறது கேட்டுது. வேண்டுதலைப் பாதியில வுடக் கூடாதுன்னு மூடிக்கினே இருந்தேன்.”

ஐயா திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஐம்பத்தாறுப் படத்தைப் பார்த்தார். கையிலிருந்ததைப் பார்த்தார். மீட்டர் மூலையில், எந்த வேலையும் இல்லாமல், கையில் டார்ச்சோடு இன்பமேரி நின்றாள்.

“அப்ப நீ முழிச்சிருந்தே, நான் தூங்கிட்டேன்” என்றார் ஐயா. “இப்ப நான் முழிச்சிக்கினேன். நீ தூங்கு.”

ஆணியும் சுத்தியும் கொண்டுவரச் சொன்னார். அடித்ததும் அவரே. பழைய படத்துக்குப் பக்கத்தில் புதியதைச் சாய்வில்லாமல் மாட்டிவிட்டு, ஓரடி பின்னால் வந்து நின்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

“சரியா கீதாங்க ஐயா?” என்றேன்.

“ஐயா இன்னாடா ஐயா” என்றார், திரும்பாமல். “உங்க நைனாவை ஞாயித்துக்கெழம வரச் சொல்லு.”

மூலையில் டார்ச் எரிந்தது. மீட்டர்மேல் இல்லை, என் மூக்குமேல்.

“அது சரிப்பா” என்றார் காசம்மாள். “என் கண்ணு?”

“பொன் விழாவுக்கு எடுத்துடறேன் அத்தை” என்றேன். “அதுவரைக்கும் நம்ப வூட்டு மீட்டரை நான் பாத்துக்கறேன்.”

அத்தை என்றதை யாரும் திருத்தவில்லை.